பதினாறு தரம்

வீட்டுக்காரர் கனடாவிலிருந்து வந்து
சித்திரை முடியமுன் திறப்பைக் கேட்டார்.
அக்கராயனிலிருந்து வட்டக்கச்சிக்கு.
கட்டில், குக்கர், இரண்டு கோழி,
அதுகளுக்கு அரை மணித்தியாலம்.
கொம்பியூட்டருக்கு மட்டும்
ஒரு முழு நாள் எடுத்தேன்.

முதலில் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்தேன்.
பிறகு ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்ரர் சுற்றிப்
பேனையால் எழுதினேன்:
மொனிட்டர். கீபோர்ட். மவுஸ்.
இது பிரின்ரர், இழுக்காதே, ஆட்டிக் கழற்று.
எழுதும்போதுதான் எண்ணிப் பார்த்தேன்:
இதோடு பன்னிரண்டாம் தரம் இடம் மாறுகிறேன்,
எதற்கும் பெயர் எழுத
இதுவரை நேரம் இருந்ததில்லை.

மூடியைத் திறந்தால் செம்மண் தூசு,
ஒரு பல்லிமுட்டைக் கோது,
காற்றாடி இதழ்களில் காய்ந்த எறும்பு.
பெயின்ற் பிறஷால் தட்டினேன்; ஊதவில்லை,
வாயீரம் கூடாதாம்.
ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப்
பருத்திச் சட்டையில் சுற்றிச்
சோத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.
பனடோல் மட்டையின் வெறும் குழிகளில்
நாலு ஸ்குறூ.

அந்தச் சோத்துப் பெட்டிக்குள்
நூற்றிநாற்பது கமக்காரரின் உரக் கணக்கு.
எமில்டா அக்காவுக்கு நான் அடித்துக் கொடுத்த
ஒன்பது கடிதங்கள்:
எல்லாம் ஒரே கடிதம்,
திகதி மட்டும் வேறு.

லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வைக்கோல்,
வைக்கோலுக்கு மேல் மெத்தை,
மெத்தைக்கு மேல் அதைச் சரித்துப் படுக்க வைத்தேன்
மதர்போர்ட் அடியில் வர,
பாரமான காற்றாடி தொங்காமல் நிற்க.
மொனிட்டரின் முகத்தைத் தலையணையில் பதித்துச்
சேலையால் கட்டினேன், கயிற்றால் இல்லை.

“காயப்பட்டு ஏத்தேக்குள்ள
என்னைக்கூட ஒருத்தரும் இப்பிடி வைக்கேல்லை, அக்கா”
என்று சிரித்தான் கஜரூபன்.
நான் இன்னும் ஒரு கை வைக்கோல்
அள்ளிப் போட்டேன்.

கிரவல் றோட்டில் குழிக்குக் குழி “மெல்ல” என்றேன்.
முறிகண்டியில் அவன் தேங்காய் உடைத்தான்.
ஹார்ட் டிஸ்கைப் பற்றிப் பிள்ளையாருக்கு
என்னவென்று சொல்வது?
மடியில் கிடந்த பெட்டியோடு கும்பிட்டேன்.
“என்ன கறி, தங்கச்சி?” என்றாள்
கச்சான் விற்கிறவள்.

புதுவீட்டில் கறண்ட் இல்லை.
வாற கிழமை என்றார் மின்சார சபைக்காரர்;
அந்தக் கிழமை ஐந்து கிழமை நீளம்.
மேசையில் போர்வைக்குள் கிடந்தது.
தட்டிப் பார்க்க முடியாது, கேட்கவும் முடியாது.
நல்லாய் இருக்கிறதா, இல்லையா,
யாராவது ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்தது.

கறண்ட் வந்த அன்று
டிஸ்கை அதன் இடத்தில் பூட்டி
பெயர் பார்த்துப் பெயர் பார்த்து வயர்களைச் செருகினேன்.
காற்றாடி இருமிக்கொண்டு சுற்றியது.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
திகதி பிழை.
01.01.2009.

உள்ளே இரண்டு ரூபாய்க் குத்தியளவில்
ஒரு பற்றரி செத்துப்போச்சாம்.
அது செத்தால் கொம்பியூட்டர்
தன்னைச் செய்த வருசத்துக்கே போய் நிற்குமாம்.

அதற்கு அது பிறந்தநாள்.
நான் அன்றைக்குத் தர்மபுரத்தில்
ஒரு தறப்பாளின் நாலு மூலையில்
இரண்டைப் பிடித்தபடி நின்றேன்.

கூட்டல் குறியை அமத்தினால் ஒரு வருசம் ஏறும்.
ஒன்பதிலிருந்து பத்துக்குப் போக
விரல் சுணங்கியது.
பிறகு விறுவிறென்று.

பற்றரி கிளிநொச்சியில் நூற்றைம்பது ரூபாய்தான்.
சிறுபோக உரக் கணக்கு நெருக்குகிறது,
இன்னும் வாங்கப் போகவில்லை.
கறண்ட் நின்று வருகிற ஒவ்வொரு காலையும்
அது திரும்பிப் போய் அங்கேயே நிற்கிறது.
தேத்தண்ணியை ஓரமாய் வைத்துவிட்டுப்
பதினாறு தரம் அமத்தி
இங்கே கூட்டிக்கொண்டு வருகிறேன்.